மெத்தை வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

ரயில்வேயில் 'ஸ்லீப்பர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பயணிகளுக்கு அது படுத்துக்கொண்டு போகும் பெட்டி. என்னைப் போல் தண்டவாளத்தோடு காலம் கழித்தவர்களுக்கு அது தண்டவாளத்தைத் தாங்கும் கட்டை. அந்தக் கட்டைகள் சரியாகப் படுத்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் 38 வருஷம் என் உத்தியோகம். ஆனால் என் சொந்த வீட்டில் ஒருவர் சரியாகப் படுக்க முடியாமல் தவித்ததைக் கவனிக்க எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் காபி குடித்துக் கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், "சார், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன். கட்டில், மெத்தை வாங்க வேண்டும். கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. எதை வாங்குவது?" என்று கேட்டார். நின்றபடி இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். இதோ எழுதிவிட்டேன்.

கட்டாந்தரை வைத்தியம்

எங்கள் தலைமுறைக்கு மெத்தை என்பது ஆடம்பரம். கோரைப் பாய், மேலே ஒரு ஜமக்காளம், தலைக்கு ஒரு தலையணை, அவ்வளவுதான். சிறு வயதில் மூன்றாம் வகுப்பில் மரப் பலகையில் படுத்துத்தான் ஊருக்குப் போனோம். 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போயிற்றே தவிர, பலகை போகவில்லை. 1977-ல் ரயில்வே அமைச்சராக வந்த மது தண்டவதே அவர்கள்தான் சாதாரண ஜனங்களின் பெர்த்துக்கும் இரண்டு அங்குல மெத்தை போட வழி செய்தார். அந்த இரண்டு அங்குலத்தின் அருமை, அதற்கு முன் பலகையில் படுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

1981-ல் நாக்பூர் டிவிஷனில் பி.டபிள்யூ.ஐ. ஆக, அதாவது நிரந்தரப் பாதை இன்ஸ்பெக்டராக, வேலையில் சேர்ந்தேன். 1986-ல் கல்யாணம். என் மனைவிக்குப் போடிநாயக்கனூர் பக்கம் ஊர். இலவம் பஞ்சுக்குப் பெயர் பெற்ற ஊர் அல்லவா? சீர்வரிசையில் பித்தளைப் பாத்திரங்களோடு ஓர் இரட்டை இலவம் பஞ்சு மெத்தையும் நான்கு தலையணைகளும் வந்தன. அந்த மெத்தை எங்களோடு ஆறு ரயில்வே குவார்ட்டர்ஸ் மாறியது.

2019-ல் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சொந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். 'புது வீட்டுக்குப் பழைய மெத்தையா?' என்று எனக்குத் தோன்றியது. மனைவி, "உறையை மட்டும் மாற்றி, பஞ்சை உதறிப் போட்டால் போதுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. கடைக்காரர், 'ஆர்த்தோ' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட கெட்டியான மெத்தை ஒன்றைக் காட்டி, "முதுகுக்கு ரொம்ப நல்லது. வயசானவர்களுக்கு இதுதான்" என்றார். வாங்கி வந்துவிட்டேன். பழைய மெத்தை எங்கள் கட்டட வாச்மேனுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு இரவில் கேட்டைத் திறக்க அவரை நாலு தடவை ஹாரன் அடித்து எழுப்ப வேண்டியிருந்தது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்!

புது மெத்தை எனக்கு ஒத்துக்கொண்டது. நான் மல்லாந்து படுப்பவன். என் மனைவி ஒருக்களித்துப் படுப்பவள். சில மாதங்களில் தோள்பட்டை வலி என்றாள், பிறகு இடுப்பு வலி என்றாள். வயதாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று தைலம் வாங்கிக் கொடுத்தேன், மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஹாலில் போய் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "தூக்கம் வரல, நீங்க படுங்க" என்பாள். நானும் படுத்துக் கொண்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போடியில் கிடைத்த பாடம்

போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் நின்று, அகலப்பாதை போட்டு, 2023 ஜூன் மாதம்தான் மறுபடி வண்டி ஓடத் தொடங்கியது. பாதை போடுவதே தொழிலாக இருந்தவனுக்கு அந்தப் பாதையில் போய்ப் பார்க்க ஆசை. 2024 ஏப்ரலில் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து ரயிலிலேயே போனோம். இலவங்காய் வெடிக்கும் பருவம். தோட்டத்துப் பக்கம் காற்றில் பஞ்சு பறந்து கொண்டிருந்தது.

முதல் நாள் இரவு மைத்துனர் வீட்டில் இலவம் பஞ்சு மெத்தையில் படுத்தோம். மறுநாள் காலை ஆறரை மணி வரை என் மனைவி எழுந்திருக்கவில்லை. எனக்குப் பயமே வந்துவிட்டது. தட்டி எழுப்பினால், "என்னங்க, மணி என்ன?" என்று கேட்கிறாள். ஐந்து வருஷத்தில் அவள் என்னிடம் மணி கேட்டது அன்றுதான். இரவெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருப்பவள் மணி கேட்பாளா?

நாக்பூர் திரும்பியதும் பிசியோதெரபி நிபுணர் ஒருவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "எதன் மேல் படுக்கிறீர்கள்?" என்பது. அவர் விளக்கியதும் எனக்கு ரயில் பாதையே கண்முன் வந்தது.

பாதையில் கட்டைக்குக் கீழே 25 முதல் 30 செ.மீ. வரை ஜல்லி இருக்கும். அதற்கு எங்கள் பாஷையில் 'குஷன்' என்றே பெயர். ஜல்லியைச் சீராக இடித்து நிரப்பாவிட்டால் சில கட்டைகள் கீழே ஆதாரமில்லாமல் அந்தரத்தில் தொங்கும். வண்டி போகும்போதெல்லாம் அந்த இடம் அடி வாங்கும். கெட்டி மெத்தையில் ஒருக்களித்துப் படுப்பவரின் நிலையும் இதுதான். பாரம் முழுவதும் தோளிலும் இடுப்பெலும்பிலும் இறங்குகிறது. நடுவே இடை அந்தரத்தில் தொங்குகிறது. ரொம்ப மெத்தென்று இருந்தாலோ உடம்பு தூளி போல் நடுவில் குழிந்துவிடும். இரண்டும் கூடாது. தோளும் இடுப்பும் சற்றே அமிழ்ந்து, இடைக்கும் ஆதாரம் கிடைக்க வேண்டும்.

'முதுகு வலியா, பலகையில் படு' என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வந்தது. நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்துப் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. 'ஆர்த்தோ' என்று அச்சடித்து விடுவதால் மட்டும் ஒரு மெத்தை மருந்தாகி விடாது.

எந்த மெத்தைக்குள் என்ன இருக்கிறது?

*இலவம் பஞ்சு:* 'இலவு காத்த கிளி' என்று பழமொழி சொல்கிறோம். கிளிக்கு ஏமாற்றம், நமக்கு மெத்தை! இந்த நாரின் உள்ளே குழாய் போல் வெற்றிடம். பெரும்பகுதி காற்றுதான். மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர் காக்கும் சட்டைகளுக்குள் இதை அடைத்தார்கள். மரத்தை வெட்ட வேண்டாம், காயைப் பறித்தால் போதும். மக்கினால் மண்ணோடு மண்ணாகும். குறையும் உண்டு. சில வருஷத்தில் அமுங்கும், கட்டி தட்டும், நாள்பட்டால் நார் நொறுங்கித் தூளாகும். சீக்கிரம் தீப்பற்றும். படுக்கையில் பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இதன் பக்கமே வரக்கூடாது. (எதன் பக்கமும் வரக்கூடாது என்பது வேறு விஷயம்.)

*பருத்திப் பஞ்சு:* நாம் இருப்பது விதர்ப்பா, பருத்தி பூமி. இங்கே வீட்டுக்கு வீடு 'கத்தா'வும், குளிருக்கு 'ரஜாய்'யும் உண்டு. பருத்தி வியர்வையை உறிஞ்சும், உடம்புக்கு இதம். ஆனால் உறிஞ்சிய ஈரத்தை எளிதில் விடாது. எடையும் அதிகம். அமுங்கிக் கெட்டியானால் பிரித்து அடித்து மறுபடி நிரப்ப வேண்டும்.

இதற்கும் என் தொழிலில் ஓர் உவமை இருக்கிறது. ஜல்லிக்குள் மண்ணும் தூளும் சேர்ந்து இறுகிவிட்டால் அது மெத்தையாக வேலை செய்யாது. பத்து வருஷத்துக்கு ஒரு முறையாவது மொத்தத்தையும் தோண்டிச் சலித்து மறுபடி போட வேண்டும். 'டீப் ஸ்கிரீனிங்' என்போம். பஞ்சு அடிப்பது மெத்தைக்கு டீப் ஸ்கிரீனிங். முன்பெல்லாம் தீபாவளி முடிந்து குளிர் தொடங்கும்போது, தோளில் பெரிய வில்லோடு 'துனியா' தெருவில் வருவார். நாணை மீட்டும் 'டங் டங்' சத்தம் கேட்டால் பெண்கள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். இப்போது பெரும்பாலும் மெஷின்தான். உங்கள் பேட்டையில் பஞ்சு அடிப்பவர் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். பேரம் பேசுவதற்கு முன் அவர் மூக்கில் துணி கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

*தேங்காய் நார்:* நாரைச் சுருளாக்கி, ரப்பர் பாலைத் தெளித்து, சூட்டில் அழுத்திப் பலகை போல் செய்வது. காற்று நன்றாகப் போய் வரும், சூடு ஏறாது. தனியாகப் படுத்தால் கெட்டியாக இருக்கும், அடி மெத்தைக்கு அருமையானது. ஒரு எச்சரிக்கை. 'காயர் மெத்தை' என்று விற்பதில் மெல்லிய நார்ப் பலகைக்கு மேலும் கீழும் ஃபோம் வைத்துத் தைத்திருப்பார்கள். உறையில் ஜிப் இருந்தால் திறந்து பாருங்கள். ஜிப் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் குறுக்கு வெட்டு மாதிரியைக் கேளுங்கள்.

*ரப்பர் பால் மெத்தை:* லேடெக்ஸ் என்கிறார்கள். நம் வீடுகளில் 'டன்லப் தலையணை' என்று சொன்னோமே, அதன் பரம்பரை. உடம்புக்கு ஏற்ப அமிழ்ந்து, உடனே எழும்பும். வெகு நாள் உழைக்கும். ஆனால் விலை அதிகம், எடையும் அதிகம். இயற்கை ரப்பரா, செயற்கை ரப்பர் கலந்ததா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யவும்.

*ஃபோம்:* பாலியூரித்தேன் என்பது 1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்தது. பெட்ரோலியத்திலிருந்து வருவது. உடம்பு அழுத்தத்துக்கு ஏற்ப மெல்லக் குழியும் 'மெமரி ஃபோம்' 1960-களில் அமெரிக்காவின் நாசாவுக்காக உருவானது. விலை மலிவு, எடை குறைவு, தூக்க வசதி. ஆனால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதிதில் ஒரு நெடி அடிக்கும், சில நாள் காற்றோட்டமான அறையில் பிரித்துப் போட்ட பிறகே படுக்க வேண்டும். தூக்கி எறிந்தால் மக்காது. எரித்தால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு போன்ற விஷ வாயுக்கள் வரும். ஆகவே பழைய ஃபோமைக் குப்பையோடு கொளுத்தவே கூடாது.

வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் எடை போட்டு வாங்குங்கள். '32 டென்சிட்டி' என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ இருக்க வேண்டும் என்று பொருள். ஆறே கால் அடி நீளம், மூன்றடி அகலம், ஐந்து அங்குலக் கனம் உள்ள மெத்தை சுமார் 0.22 கன மீட்டர். 32 டென்சிட்டி என்றால் ஏழு கிலோ, 40 என்றால் ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உறையின் எடை தனி. ஐந்து கிலோதான் நிற்கிறது என்றால் கடைக்காரர் சொன்ன எண்ணை நம்பாதீர்கள்.

வெயிலும் ஈரமும்

நாக்பூர் வெயில் உலகப் பிரசித்தம். மே மாதம் 45 டிகிரி. அந்த வெயில் பஞ்சு மெத்தைக்கு வரப்பிரசாதம். இரண்டு மணி நேரம் ஒரு பக்கம், இரண்டு மணி நேரம் மறுபக்கம் போட்டுத் தட்டி எடுத்தால் ஈரமும் வாடையும் போய்விடும். ஆனால் லேடெக்ஸையும் ஃபோமையும் வெயிலில் போடாதீர்கள். ரப்பர் காய்ந்து நொறுங்கும், ஃபோம் மஞ்சளாகி உதிரும். அவற்றுக்கு நிழல் காற்றே போதும்.

நம்மில் பலர் கவனிக்காத ஒன்று கூலர். கோடை முழுவதும் ஈரக் காற்றை நேராகப் படுக்கை மீது அடிக்க விடுகிறோம். பஞ்சு அதைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. அடுத்து மழைக்காலம் வந்துவிடுகிறது. ஈரமும் உடம்புச் சூடும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் பெருகும். இழுப்பு, தும்மல் உள்ள குழந்தைகளுக்கு இது ஆகவே ஆகாது. கூலர் ஓடும்போது ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையை உடனே மூடி வைக்காமல் அரை மணி ஆற விடுங்கள். விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

விரிப்புக்குச் சுத்தப் பருத்தியே சிறந்தது. சென்னிமலைப் போர்வையோ, நம் மாநிலத்துச் சோலாப்பூர் சாதரோ, துவைக்கத் துவைக்க மெதுவாகும். 'சுருக்கமே விழாது' என்று விற்கும் துணிகளில் ரசாயனப் பூச்சு இருக்கும். எந்தப் புது விரிப்பையும் ஒரு தடவை அலசிய பின்பே விரியுங்கள். கோடையில் மெத்தை மேல் ஒரு கோரைப் பாயை விரித்துப் பாருங்கள், குளிர்ச்சி தெரியும்.

கடைக்குப் போகுமுன்

1. யாருக்காக மெத்தையோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் செய்த முதல் தவறு தனியாகப் போனது.

2. கையால் அமுக்கிப் பார்ப்பது பயனில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் படுக்கிற மாதிரியே கால் மணி நேரம் படுங்கள். இடைக்குக் கீழே கை தாராளமாகப் புகுந்தால் மெத்தை கெட்டி. புரண்டு படுக்கச் சிரமமாக இருந்தால் அது ரொம்ப மெது.

3. இலவம் பஞ்சு என்றால் ஒரு சிட்டிகை கேட்டு வாங்குங்கள். பளபளப்பாக, வழுவழுவென்று இருக்கும். முறுக்கினால் நூலாக நிற்காது. பாலியெஸ்டர் கலப்பா என்று தெரிய, வீட்டுக்கு வெளியே ஒரு துணுக்கைக் கொளுத்துங்கள். பஞ்சு, காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

4. தலையணை உயரம் படுக்கும் விதத்தைப் பொறுத்தது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி அளவு வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதில் பாதி போதும்.

5. கைக்குழந்தைக்கு மெத்தென்ற படுக்கையும் தலையணையும் வேண்டாம். சமமான, சற்றுக் கெட்டியான விரிப்பே பாதுகாப்பு.

எங்கள் வீட்டுக் கணக்கு

கடைசியில் நாங்கள் என்ன செய்தோம்? அடியில் நான்கு அங்குலத் தேங்காய் நார் மெத்தை. அதன் மேல் மூன்று அங்குல இலவம் பஞ்சு மெத்தை, போடியிலிருந்து மைத்துனர் பார்சலில் அனுப்பியது. மாற்றுவதற்கு முன் முப்பது நாளும், மாற்றிய பின் முப்பது நாளும், மனைவி இரவில் எத்தனை முறை எழுந்தாள் என்று பழைய டயரி ஒன்றில் குறித்து வைத்தேன். காலையில் அவளைக் கேட்டு எழுதியதுதான். முன்பு நாலு, ஐந்து என்று இருந்தது பின்பு ஒன்று, இரண்டாகக் குறைந்தது. எல்லாப் பெருமையும் மெத்தைக்குச் சேராது. பிசியோதெரபி நிபுணர் சொல்லிக் கொடுத்த உடற்பயிற்சியையும் அவள் விடாமல் செய்தாள். தோள் வலி இன்னும் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் இரண்டு மணிக்கு ஹாலில் விளக்கு எரிவது நின்றுவிட்டது.

ஆண்டாள் திருப்பாவையில் 'பஞ்ச சயனம்' வருகிறது. அதற்கு அழகு, குளிர்ச்சி, மென்மை, நறுமணம், வெண்மை என்று ஐந்து குணங்களைப் பெரியோர் சொல்வார்கள். படுக்கைக்கு என்னென்ன வேண்டும் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். 'ஆர்த்தோ' அந்தப் பட்டியலில் இல்லை!

டயரியை மனைவியிடம் காட்டி என் ஆராய்ச்சி முடிவை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதைத்தானே அன்னிக்கே சொன்னேன், உறையை மாத்தினா போதும்னு" என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நண்பரே, உங்கள் பெண்ணுக்கு எந்த மெத்தை வாங்குவது என்று கேட்டீர்கள். முதலில் அவள் எப்படிப் படுப்பாள் என்று அவளையே கேளுங்கள். பிறகு கடைக்குப் போகலாம். தேவைப்பட்டால் எடை போட நானும் தராசோடு வருகிறேன்.